கைப்பிள்ளையோடு பூசைக்கும் ஊர்சுற்றவும்: அன்பியத்தில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் வீடு மதுரை புதூரில். மூன்று பிள்ளைகள். மூத்தவள் நான்காம் வகுப்பு, நடுவிலவனுக்கு ஐந்து வயது, கடைக்குட்டிக்கு ஒன்றரை. மனைவி நர்ஸ், ஷிப்ட் வேலை. எங்கள் கத்தோலிக்கப் பங்கில் (ஒரு கோவிலைச் சேர்ந்த வட்டாரம்) அக்கம்பக்கத்து இருபது முப்பது வீடுகள் சேர்ந்தது ஓர் அன்பியம்; மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். ஜெபம் முடிந்து டீ வரும் நேரத்தில் புதுசாகக் கல்யாணமானவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் எங்களிடம் கேட்பதெல்லாம் அதே கேள்விகள்தான். ஆபீசில் இந்து நண்பர்கள் கேட்பதும் கொஞ்சம் உண்டு. பதில் பாதி போய்க்கொண்டிருக்கும்போது கடைக்குட்டி எதையாவது இழுத்துப் போட்டுவிடுவான், பேச்சு அறுந்துவிடும். அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

நான் சாமியாரும் இல்லை, மறைக்கல்வி ஆசிரியரும் இல்லை. திருச்சபைச் சட்டம் வருகிற இடத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மற்றதெல்லாம் எங்கள் வீட்டில் பட்டுத் தெரிந்தது.

அண்ணே, பூசையில பிள்ளை கத்துறான். வீட்ல யார்கிட்டயாவது விட்டுட்டு வந்துரவா?

ஆள் இருந்தால் ஒருநாள் இருநாள் விடலாம். வழக்கமாக்காதீர்கள். ஐந்து வயது வரை விட்டுவிட்டு, ஆறாவது வயதில் திடீரென்று கொண்டுவந்து ஒரு மணி நேரம் கை கட்டி உட்கார் என்றால் எந்தப் பிள்ளை உட்காரும்? எங்கள் மூத்தவள் இரண்டு வயதில், சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்துக்கு மணி அடித்ததும் கோவிலே அமைதியாக இருந்த நேரத்தில் "ஐஸ் வண்டி!" என்று கத்தினாள். எங்களுக்கு உயிரே போய்விட்டது. முன்னால் இருந்த பாட்டி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இப்போது அதே மணிச் சத்தத்துக்குத் தம்பியை "ஷ்ஷ்" என்று அடக்குவது அவள்தான்.

இரண்டு விஷயம் மட்டும் பழக்கிக்கொள்ளுங்கள். ஒன்று, பின்வரிசையில் உட்காராதீர்கள். அங்கே பிள்ளைக்குத் தெரிவதெல்லாம் பெரியவர்களின் முதுகு. போரடிக்காமல் என்ன செய்யும்? முன்பக்கம், பக்கவாட்டுக் கதவுக்கு அருகில் உட்காருங்கள். மெழுகுவர்த்தி, தூபம், பீடச் சிறுவர்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தால் பாதி நேரம் ஓடிவிடும். இரண்டு, ஒரு நிமிடத்துக்கு மேல் அழுதால் வெளியே தூக்கிப் போங்கள். ஆனால் வெளியே போய் விளையாட விடாதீர்கள். தோளில் போட்டு நில்லுங்கள், அழுகை நின்றதும் உள்ளே வந்துவிடுங்கள். 'அழுதால் விளையாடலாம்' என்ற கணக்கை ஒன்றரை வயதுப் பிள்ளை ஒரே ஞாயிற்றில் கற்றுக்கொள்ளும். நடுவிலவன் விஷயத்தில் நாங்கள் ஏமாந்தது இப்படித்தான்.

பையில அப்படி என்னதான் கொண்டு போறீங்க, கல்யாணத்துக்குப் போற மாதிரி?

தண்ணீர் பாட்டில் இரண்டு, ஒரு மாற்றுடுப்பு, டயப்பர், ஈரத்துணி, ஒரு சின்ன டப்பாவில் உலர்திராட்சை. சிப்ஸ் பாக்கெட் வேண்டவே வேண்டாம். மறையுரை நடக்கும்போது அதைப் பிரிக்கிற சத்தம் மைக்கையும் மீறிக் கேட்கும். பொம்மை என்றால் துணியில் செய்தது. கீழே விழுந்தால் சத்தம் வராது. பழைய ஜெபமாலை ஒன்றை நடுவிலவனுக்கென்றே வைத்திருக்கிறோம். அவன் அதை ரயிலாக ஓட்டுவான், பரவாயில்லை.

நன்மை, அதாவது நற்கருணை, வாங்குகிறவர்கள் ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்து தண்ணீர், மருந்து தவிர எதுவும் சாப்பிடக் கூடாது. அந்த விதி புதுநன்மை வாங்காத சின்னப் பிள்ளைகளுக்கு இல்லை, அதனால் உலர்திராட்சையைப் பார்த்து யாராவது முறைத்தால் கண்டுகொள்ளாதீர்கள். வாசலில் செருப்புக் குவியலில் பிள்ளைகள் செருப்பு மட்டும் எப்போதும் ஒற்றையாகத்தான் கிடைக்கும். மூன்று ஜோடியையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டிவிடுங்கள்.

சனிக்கிழமை சாயங்காலப் பூசை ஞாயித்துக்கிழமை கணக்குல சேருமா?

சேரும். ஞாயிறு போல் பூசைக்குக் கட்டாயம் போக வேண்டிய கடன் திருநாளுக்கு முந்தைய நாள் மாலை எந்தக் கத்தோலிக்கப் பூசையில் பங்கெடுத்தாலும் போதும் என்பதுதான் சட்டம். மனைவிக்கு ஞாயிறு காலை ஷிப்ட் வருகிற வாரங்களில் எங்கள் வீட்டில் சனிக்கிழமைதான் பூசை. ஞாயிறு அவள் வேலைக்குப் போன பிறகு நான் பிள்ளைகளை மறைக்கல்வி வகுப்புக்குக் கூட்டிப்போவேன்.

இதிலேயே இன்னொன்றும் கேட்பார்கள்: "சனிக்கிழமை கல்யாணப் பூசை பார்த்தேனே, அது?" சாயங்காலப் பூசையாக இருந்தால் சேரும். நம் பக்கம் கல்யாணம் பெரும்பாலும் காலையில்; அது சேராது. பிரியாணி சாப்பிட்டுவிட்டு மறுநாள் மறுபடி கோவிலுக்கு வர வேண்டியதுதான்.

கைக்குழந்தையை வச்சுக்கிட்டு மூணு வாரமா பூசைக்குப் போக முடியல. பாவமா?

இல்லை. உடல்நலக் குறைவும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் தகுந்த காரணங்கள் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலே சொல்கிறது. பேறுகாலம் முடிந்து தூக்கமில்லாமல் கிடக்கிற பெண்ணிடம் போய் "ஏம்மா, கோவில் பக்கமே காணோம்" என்று கேட்கிறவர்கள்தான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேண்டும். ஏழு வயது முடியாத பிள்ளைகளுக்கும் கடன் கிடையாது. அவர்களைக் கூட்டிப்போவது பழக்கத்துக்காக.

எங்கள் வீட்டில் கடைக்குட்டி பிறந்தபோது இரண்டு மாதம் முறை போட்டோம். நான் மூத்தவளோடு காலையில், மனைவி நடுவிலவனோடு சாயங்காலம். குடும்பமாகப் போகவில்லையே என்று அம்மாவுக்கு வருத்தம்தான். ஆனால் அந்த இரண்டு மாதமும் மனைவி முழுப் பிரசங்கம் கேட்டாள்.

மூணு பிள்ளைகளை வச்சுக்கிட்டு எப்படிங்க வெளிய கிளம்புறீங்க? எங்களுக்கு ஒண்ணுக்கே நாக்கு தள்ளுது.

ஆபீசில் கேட்பது. நாக்கு எங்களுக்கும் தள்ளுகிறது. ஒரு பிள்ளை இருக்கும்போது ஸ்கூட்டர், இரண்டான பிறகும் வெட்கமில்லாமல் அதே ஸ்கூட்டர், மூன்றாவது வந்ததும் பழைய ஆம்னி வேன் ஒன்றை வாங்கினோம். நாங்கள் கற்றுக்கொண்டது, ஒரு நாளைக்கு ஒரே இடம். சின்ன இடமாக இருக்கட்டும், பக்கத்தில் இருக்கட்டும், மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேர்ந்துவிட வேண்டும்.

சரி, ஞாயிறு பூசை முடிஞ்சு மதுரைக்குள்ள எங்கதான் போறது? மால் போரடிக்குது.

கீழவெளி வீதியில் உள்ள வியாகுல மாதா பேராலயத்துக்கு ஒரு ஞாயிறு போங்கள். நம் பங்குக் கோவிலிலேயே பழகிய பிள்ளைகள் அந்த உயரத்தைப் பார்த்து வாயடைத்துப்போகும். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் திருமலை நாயக்கர் மஹால். தூணைக் கட்டிப்பிடிக்க எத்தனை பேர் வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒரு போட்டி உண்டு, ஐந்து பேர் கை கோர்த்தும் ஜெயித்ததில்லை. மஹால் 1636-ல் எழுந்தது. அதற்கு முப்பது வருஷம் முன்பே, 1606-ல், இத்தாலியிலிருந்து மதுரைக்கு வந்தவர் ராபர்ட் தெ நொபிலி, நாம் தத்துவ போதகர் என்று சொல்கிறவர். காவி கட்டி, மரக்கறி மட்டும் சாப்பிட்டு, தமிழும் சமஸ்கிருதமும் படித்தார். மூத்தவளிடம் இதைச் சொன்னபோது அவள் கேட்ட ஒரே கேள்வி: "அப்ப அவருக்கு ஞாயித்துக்கிழமை கூட மட்டன் கிடையாதா?"

அப்புறம் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. கடற்பாசியை மட்டும் துழாவித் தின்றுவிட்டு மீதிப் பாலை அப்பா தலையில் கட்டுவது பிள்ளைகளின் வழக்கம். வெயில் காலமென்றால் தமுக்கத்துப் பக்கம் காந்தி மியூசியம், ராணி மங்கம்மாளின் அரண்மனையில் 1959-ல் தொடங்கியது. வளாகத்தில் மரநிழல் உண்டு. காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. சின்னவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று முன்கூட்டியே யோசித்துக்கொண்டு போங்கள். நான் யோசிக்காமல் போய் மாட்டிக்கொண்டேன். நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி உண்டு. ஏசியும் உண்டு, மே மாதத்தில் அதுவே பாதி காரணம். எந்த அருங்காட்சியகமானாலும் வாராந்திர விடுமுறை எது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஒரு நாள்ல போயிட்டு வர்ற மாதிரி நம்ம கோவில் ஏதாவது? சாமி கும்பிட்ட மாதிரியும் இருக்கணும், சுத்திப் பார்த்த மாதிரியும் இருக்கணும்.

இடைக்காட்டூர். யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன். ராமேசுவரம் சாலையில் திருப்புவனம் தாண்டி, மானாமதுரைக்கு முன்னால் உள்ளே திரும்ப வேண்டும். மதுரையிலிருந்து 35 கிலோமீட்டர் சுமார். வைகைக்கரை கிராமம் ஒன்றில், வயலுக்கும் கருவேலத்துக்கும் நடுவே பிரான்ஸ் நாட்டுக் கோவில் ஒன்று எழுந்து நிற்கும். ஃபெர்டினாண்ட் செல் என்ற பிரெஞ்சுச் சாமியார் அங்குள்ள ரெய்ம்ஸ் பேராலயத்தின் சாயலில் 1894-ல் கட்டிய திரு இருதய ஆலயம். விதவிதமான அச்சுகளில் வார்த்த செங்கல், சுடுமண் ஓடுகளால் ஆனது. பிள்ளைகளுக்கு நாங்கள் வைக்கிற போட்டி: ஒன்றைப்போல் ஒன்று இல்லாத செங்கல் எத்தனை கண்டுபிடிக்கிறீர்கள்? நடுவிலவன் இருபது வரைதான் எண்ணத் தெரிந்தவன், இருபதில் நின்றுவிட்டான். மூத்தவள் நாற்பதைத் தாண்டினாள்.

அதே சாலையில்தான் கீழடி. மதுரையிலிருந்து போகும்போது முதலில் அது வரும். அருங்காட்சியகம் 2023-ல் திறந்தது, செட்டிநாட்டு வீடுபோல் கட்டியிருக்கிறார்கள். சுடுமண் பொம்மை, தந்தப் பகடை, 'ஆதன்' என்று தமிழி எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடு எல்லாம் உண்டு. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலும் பிள்ளைகள் பொம்மை கேட்டு அழுதிருக்கிறார்கள் என்பதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் திருப்தி. ஒரு நாளைக்கு ஒரே இடம் என்றேனே, இது மட்டும் விதிவிலக்கு. காலையில் இடைக்காட்டூர், திரும்பும் வழியில் கீழடி. இதைத் தலைகீழாகச் செய்தால் கோவிலுக்குப் போகும்போது எல்லாப் பிள்ளையும் தூங்கிவிடும்.

ஓரியூருக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் தூரம். ராமநாதபுரம் மாவட்டத்தின் வடகோடி. கைக்குழந்தை இருந்தால் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போடுங்கள். லிஸ்பனில் 1647-ல் பிறந்து, நம் நாட்டில் அருளானந்தர் ஆன ஜான் தெ பிரிட்டோ 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி தலை வெட்டப்பட்டது அங்கேதான். சிவந்த மண்ணை மக்கள் காகிதத்தில் மடித்து எடுத்து வருவார்கள். எங்கள் கடைக்குட்டி அதை வாயில் போட்டுக்கொண்டான். மாமியார் புண்ணியம் என்றார், மனைவி வாயைக் கழுவிவிட்டாள்.

வெளியூர்ல ஞாயித்துக்கிழமை மாட்டிக்கிட்டா நம்ம கோவிலை எப்படிக் கண்டுபிடிக்கிறது? சிலுவை இருக்குன்னு போனா வேற சபையா இருக்கு.

முன்னால் மாதா கெபி (குகைபோல் கட்டி மாதா சிலை வைத்த இடம்) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் நம் கோவில்தான். ஆட்டோக்காரரிடம் "சர்ச்" என்று கேட்காதீர்கள், எது முதலில் வருகிறதோ அங்கே இறக்கிவிடுவார். "மாதா கோவில்" அல்லது "ஆர்.சி. கோவில்" என்று கேளுங்கள். கொடைக்கானல் போகிறவர்களுக்குச் சலேத் மாதா கோவில் இருக்கிறது. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டித் திருவிழா, அப்போது போனால் ரூம் கிடைப்பது சிரமம்.

சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்த சொந்தக்காரர் வீட்டுக்குப் போன ஞாயிறு அவர்கள் ஆராதனையில் உட்கார்ந்தால் போதுமா என்றும் கேட்கிறார்கள். தாராளமாக உட்காரலாம், சேர்ந்து பாடலாம். அங்கே நற்கருணை வாங்குவதில்லை, நம் ஞாயிறு கடனும் அதில் தீராது. சனிக்கிழமைப் பூசைபற்றி மேலே சொன்னது இந்த மாதிரி நாட்களுக்குத்தான் உதவும்.

வேளாங்கண்ணிக்கு மொட்டை போடப் போகணும். எப்ப போனா கூட்டம் இருக்காது?

கொடியேற்றம் ஆகஸ்ட் 29, மாதா பிறந்தநாள் செப்டம்பர் 8. இந்தப் பத்துப் பதினொரு நாளும் கைக்குழந்தையோடு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். காவி உடுத்தி நடந்து வருகிறவர்கள் கூட்டமே சாலையை நிறைத்துவிடும். பார்க்க அழகுதான், ஆனால் பால் கேட்டு அழும் பிள்ளையோடு அதற்குள் சிக்கினால் அழகு தெரியாது. நாங்கள் ஜூலையில், வார நாளில் போனோம். மொட்டைக்கும் காதுகுத்துக்கும் தாய்மாமனுக்கு லீவு கிடைக்கிற நாள்தான் உண்மையான முகூர்த்தம்.

பஸ்ஸில் என்றால் இரவுப் பயணம் நல்லது. கடலில் இறக்காதீர்கள், கரையில் காலை நனைத்தால் போதும். கூட்டத்தில் போகும்போது பிள்ளையின் முன்கையில் பேனாவால் போன் நம்பர் எழுதிவிடுங்கள். இது எந்தத் திருவிழாவுக்கும் பொருந்தும்.

தவக்காலத்துல வெள்ளிக்கிழமை பிள்ளைக்குப் பிறந்தநாள் வருது. பிரியாணி போடலாமா?

பிள்ளைக்கு எத்தனை வயது? பதினான்கு முடியாதவர்களுக்கு இறைச்சி விலக்கும் கடமை சட்டத்தில் இல்லை. ஒருசந்தி, அதாவது ஒருவேளை முழுச் சாப்பாடு, பதினெட்டு முடிந்தவர்களுக்குத்தான். ஐம்பத்தொன்பது வயது முடிந்ததும் அந்தக் கடமை நின்றுவிடும். அதுவும் விபூதி புதன், பெரிய வெள்ளி இரண்டு நாள் மட்டும். ஆனால் அந்தப் பிரியாணியைச் சமைத்து, ருசி பார்த்து, மீந்ததைச் சாப்பிடப்போவது நீங்கள் அல்லவா? சனிக்கிழமைக்குத் தள்ளுங்கள். எந்தப் பிள்ளையும் பிறந்தநாள் இரண்டு நாள் நடந்ததற்காக அழுததில்லை.

சட்டப்படி மீனும் முட்டையும் இறைச்சி அல்ல. இதைச் சொன்னால் எங்கள் அம்மா ஒப்புக்கொள்ள மாட்டார். அவருக்குக் கவிச்சி என்றால் எல்லாம் கவிச்சிதான். தவக்காலம் நாற்பது நாளும் வீட்டில் முட்டைகூட உடையாது. நான் சட்டம் பேசுவதில்லை, அம்மா வைக்கிற கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு முன்னால் பேசவும் தோன்றாது. இன்னொரு நுணுக்கம்: பெருவிழா ஒன்று வெள்ளியன்று வந்தால் அன்று இறைச்சியை விலக்கத் தேவையில்லை. மார்ச் 19 புனித வளனார் பெருவிழா 2027-ல் வெள்ளிக்கிழமை. வளன் என்று பெயர் வைத்த வீடுகள் குறித்துக்கொள்ளலாம்.

சின்னப் பிள்ளைங்களை ஏதாவது 'விடச்' சொல்லலாமா? எங்க மாமியார் அதெல்லாம் கொடுமைங்கிறாங்க.

அவர்களே தேர்ந்தெடுக்கட்டும், சின்னதாக இருக்கட்டும். போன தவக்காலம் மூத்தவள் ஜிகர்தண்டாவை விட்டாள். அந்தக் காசை ஓர் உண்டியலில் போட்டு உயிர்ப்பு ஞாயிறுக்கு முன் கோவிலில் கொடுத்தோம். நடுவிலவன் "நான் பாகற்காயை விடுறேன்" என்றான். அவனை அப்படியே விட்டுவிட்டோம்.

வீட்ல தினமும் ஜெபமாலை சொல்றீங்களாமே, பிள்ளைங்க உக்காருமா?

யார் சொன்னது? தினமும் ஜெபமாலையின் பத்து மணிகள் மட்டும், மூன்று நான்கு நிமிடம். முழு ஜெபமாலை ஐம்பத்துமூன்று மணியும் சொல்வது அக்டோபரில் அன்பியத்தில் மாதா சுரூபம் (சிலை) வீட்டுக்கு வரும் அன்றுதான். ஆளுக்கு ஓர் அருள் நிறைந்த மரியே முறைவைத்துச் சொன்னால் பிள்ளைகளுக்குத் தன் முறை எப்போது என்ற கவனம் இருக்கும். நடுவிலவன் 'பாவிகளாகிய' என்ற சொல்லை இன்னும் 'பாய்களாகிய' என்றுதான் சொல்கிறான். திருத்த மனசு வரவில்லை. கரண்ட் போன நேரம்தான் நல்ல நேரம், டிவியோடு போட்டி போட வேண்டியதில்லை.

நீங்க கிறிஸ்தவங்கதானே, சித்திரைத் திருவிழாவுக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போவீங்களா?

கூட்டிப்போக வேண்டியதே இல்லை, அழகர் எங்கள் பக்கம் வருகிறார். மலையிலிருந்து இறங்கி மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் என்று அவர் வருகிற வழியே எங்கள் சாலைதான். அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று தெருவே தூங்காது. நாங்கள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்வது? நாங்கள் அதை வழிபாடாகச் செய்வதில்லை. ஊர்த் திருவிழா, பக்கத்து வீட்டுக்காரர்களோடு மாடியில் நின்று பார்ப்போம். தோல் பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களைப் பார்த்து நடுவிலவன் வருஷம் முழுக்கத் தானும் பீய்ச்சித் திரிகிறான். விடியற்காலையில் வைகைக்குள் இறங்கிப் பார்க்கும் தைரியம் மூன்று பிள்ளைகளோடு எங்களுக்கு இல்லை.

மீனாட்சி அம்மன் கோவிலையும் கேட்பார்கள். ஆடி வீதி வரை போய்க் கோபுரத்தின் சுதைகளைப் பார்த்திருக்கிறோம். கொடிமரத்தைத் தாண்டி இந்து அல்லாதவர்கள் போக அனுமதியில்லை, அந்த எல்லையை மதிக்கிறோம். "அவங்க சாமியை நாம ஏன் கும்பிடல?" என்று மூத்தவள் கேட்டாள். நாம் ஒரே கடவுளை இப்படி விசுவசிக்கிறோம், அவர்கள் அப்படிக் கும்பிடுகிறார்கள், கேலி மட்டும் கூடாது என்று சொன்னேன். நான்காம் வகுப்புக்கு அது போதும்.

பக்கத்து வீட்ல சுண்டல், பொங்கல்னு பிரசாதம் கொடுக்குறாங்க. வாங்கலாமா, வேண்டாமா?

இதில் எங்கள் அன்பியமே இரண்டாகப் பிரிந்திருக்கிறது. தீபாவளி முறுக்கும் அதிரசமும் வெறும் பலகாரம், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. படைத்த உணவு என்றால்தான் கேள்வி. தூய பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் எட்டாம் அதிகாரம் முழுக்க இதைப் பற்றித்தான். சிலை ஒன்றுமில்லை என்று தெரிந்தவனுக்கு அந்த உணவால் கேடில்லை, ஆனால் அதைப் பார்த்து இன்னொருவனின் மனசாட்சி இடறினால் விட்டுவிடு என்கிறார்.

நாங்கள் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வோம், நன்றி சொல்வோம். அம்மா சாப்பிட மாட்டார், அதை யாரும் வற்புறுத்துவதில்லை. கொடுத்தவர் முகத்துக்கு நேரே மறுப்பதும், வாங்கிவிட்டுக் குப்பையில் போடுவதும் எங்கள் வீட்டில் கிடையாது. கிறிஸ்துமசுக்கு நாங்கள் கொடுக்கிற கேக்கில் முட்டை இருக்கிறதா என்று அவர்கள் கேட்பார்கள். அதற்காகவே முட்டையில்லாமல் ஒன்று தனியாக வாங்குகிறோம்.

பெரிய வெள்ளி கவர்மென்ட் லீவு. சனி, ஞாயிறு சேர்த்து மூணு நாள் கொடைக்கானல் போட்டுரலாமா?

போடாதீர்கள். இது சட்டமில்லை, என் அபிப்பிராயம். பெரிய வெள்ளியன்று பூசையே கிடையாது. பாடுகளின் வழிபாடு, பிள்ளைகள் சிலுவையை முத்தமிட வரிசையில் நிற்பது, ஒன்றும் இல்லாத வெறும் பீடம். முதல் நாள் பாதம் கழுவியது, மூன்றாம் நாள் இரவு இருட்டில் ஒரே ஒரு மெழுகுவர்த்தியிலிருந்து கோவில் முழுக்க வெளிச்சம் பரவுவது, இதையெல்லாம் வார்த்தையில் விளக்கினால் பிள்ளைக்குப் புரியாது, பார்த்தால் புரிந்துவிடும். அந்த மூன்றாம் நாள் இரவு, பாஸ்கா இரவு, நீளம்தான். எங்கள் பிள்ளைகள் விளக்கு ஏற்றும் வரை விழித்திருந்துவிட்டு வாசகத்தில் தூங்கிவிடுவார்கள். பாய் கொண்டுபோகிறோம். கொடைக்கானல் மே மாதமும் அங்கேயேதான் இருக்கும்.

எங்க அம்மா, பேரன் பொழைச்சா அவனை நடந்தே வேளாங்கண்ணிக்கு அனுப்புறேன்னு நேர்ந்துட்டாங்க. அவனுக்கு இப்ப அஞ்சு வயசு. நடக்கலைன்னா மாதா கோவிச்சுக்குவாங்களா?

இதைக் கேட்டவர் கண் கலங்கித்தான் கேட்டார், அதனால் பங்குத்தந்தையிடமே கொண்டுபோனோம். அவர் சொன்னது இதுதான்: வார்த்தைப்பாடு கொடுத்தவரை மட்டும்தான் அது கட்டும், திருச்சபைச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. பாட்டி நேர்ந்தால் பாட்டியைக் கட்டும், பேரனைக் கட்டாது. பாட்டிக்கு முழங்கால் வலி. நேர்ந்தவரே அதற்கு இணையான, அல்லது அதைவிட மேலான நற்செயலாக அதை மாற்றிக்கொள்ளலாம். முடியவில்லை என்றால் தகுந்த காரணத்தோடு பங்குத்தந்தையே விலக்கு தரலாம். கடைசியில் பாட்டி பஸ்ஸில் போய் மெழுகுவர்த்தி ஏற்றி, நடந்து வருகிறவர்களுக்கு மோர் வாங்கிக் கொடுத்தார். பையன் ஜன்னலோர சீட்டில் போனான்.

மாதா கோபிப்பதைப் பற்றிச் சாமியார் தனியாக ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தார்.

என் உயிர் நண்பன் இந்து. என் பிள்ளைக்கு அவனை ஞானத்தகப்பனா நிறுத்தலாமா?

முடியாது. ஞானப்பெற்றோர் பதினாறு வயது முடிந்த, உறுதிபூசுதல் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். பிள்ளையைப் பெற்றவர்களாக இருக்கக் கூடாது. ஒருவர் போதும், இருவர் என்றால் ஓர் ஆண், ஒரு பெண். திருமுழுக்குப் பெற்ற வேறு சபைக்காரர், கத்தோலிக்க ஞானப்பெற்றோர் ஒருவரோடு சேர்ந்து சாட்சியாக நிற்கலாம். நண்பனுக்கு அந்த இடமும் இல்லை. பக்கத்தில் நின்று பார்க்கலாம், விருந்தில் முதல் பந்தியில் உட்கார வையுங்கள். எங்கள் நடுவிலவனின் வெள்ளை உடுப்பு என் இந்து நண்பன் விளக்குத்தூண் கடையில் தேடி எடுத்தது. அவனைப் பிள்ளைகள் மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள், அதற்கு எந்தப் பதிவேடும் தேவைப்படவில்லை.

கல்லறைத் திருநாளுக்குச் சின்னப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகலாமா? பயந்துக்காதா?

நவம்பர் 2. எங்கள் பிள்ளைகளுக்கு அது கிட்டத்தட்ட வருஷத்தின் பெரிய வெளியூர்ப் பயணம், ஏனென்றால் என் அப்பாவின் கல்லறை ஊரில் இருக்கிறது. முதல் நாளே போய்ப் புல் செத்தி, சுண்ணாம்பு அடித்து, சாயங்காலம் செவந்தியும் கோழிக்கொண்டையும் பரப்பி மெழுகுவர்த்தி ஏற்றுவோம். சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். தாத்தாவைப் பார்த்தே இராத நடுவிலவன், "தாத்தாவுக்கு லைட் போட்டாச்சு" என்று பக்கத்துக் கல்லறைக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு திரிவான். பயந்தது ஒருமுறை நான்தான், இருட்டில் ஆளைக் காணாமல். அவன் யாரும் வராத ஒரு கல்லறையில் எங்கள் மெழுகுவர்த்திகளில் ஒன்றைக் கொண்டுபோய் நட்டுக்கொண்டிருந்தான்.

ராத்திரியானதும் எல்லாப் பிள்ளைகளும் உருகிய மெழுகைச் சுரண்டி உருண்டை பிடிப்பார்கள், யார் உருண்டை பெரிது என்று போட்டி. தடுத்தால் நிற்க மாட்டார்கள். கையில் சுட்டுக்கொண்டால் உடனே தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். இரண்டு பாட்டில் என்று மேலே சொன்னதில் ஒன்று இதற்கு.